தங்கையின் பங்கு

1945 ஜூன் 5 அன்று அமெரிக்க விமானங்கள் ஜப்பானின் கோபே நகரின் மேல் தீக்குண்டுகளைக் கொட்டியபோது, பின்னாளில் எழுத்தாளரான அகியுகி நொசாகாவுக்கு வயது 14. வளர்ப்புத் தந்தை அந்தத் தாக்குதலில் இறந்துவிட்டார். வளர்ப்புத் தாய் கடுந்தீக்காயங்களோடு பிழைத்தார். ஒன்றரை வயதுகூட நிரம்பாத தங்கை, ஃபுகுயியில், ஆகஸ்டில் பட்டினியால் இறந்தாள். 1967-இல் நொசாகா இதை 'மின்மினிகளின் கல்லறை' என்ற கதையாக்கினார். அதற்கு நவோகி இலக்கியப் பரிசும் கிடைத்தது. கதையில் தங்கை செத்சுகோவுக்கு 4 வயது. தாய் இறந்துவிடுகிறாள். தங்கையைப் பொத்திப் பொத்திக் காத்த அண்ணன் செய்தாவும் சன்னோமியா ரயில் நிலையத்தில் பசியால் சாகிறான். நிஜ அண்ணனோ 2015 வரை வாழ்ந்தார்.

இவ்வளவு மாற்றி எழுதியதை வரலாற்றுச் சான்றாக எப்படி ஏற்பது என்று கேட்கலாம். அந்த மாற்றங்கள்தான் வலுவான சான்று என்பேன். தங்கைக்குரிய உணவைத் தானே தின்றதையும், அழுகையை அடக்க அவள் தலையில் அடித்ததையும் நொசாகா பிற்பாடு வெளிப்படையாகவே எழுதினார். தான் இருந்திருக்க வேண்டிய அண்ணனைக் கதையில் படைத்து, அவனையும் தங்கையோடு சாகவிட்டார். குண்டுகளால் எரிந்த வீடுகளைக் கணக்கெடுத்துவிடலாம். ஒரு வாய்ச் சோற்றுக்காகத் தங்கையையே போட்டியாளராகப் பார்க்கவைத்த பசி எந்தக் கணக்கிலும் ஏறாது. அது இப்படித் திருத்தப்பட்ட நினைவில்தான் தடம் விட்டிருக்கிறது.

இந்தக் கதையை வைத்து இசாவோ தகஹாதா ஸ்டுடியோ கிப்லிக்காக 1988-இல் எடுத்த அனிமேஷன் படம் பசியை வீட்டுக்குள் வைத்தே காட்டுகிறது. தாய் இறந்தபின் பிள்ளைகள் இருவரும் தஞ்சமடைந்த வீட்டில் அத்தை கஞ்சி ஊற்றும் காட்சியைக் கவனியுங்கள். தன் மகளுக்கும் வேலைக்குப் போகும் வாடகைக்காரருக்கும் அடியில் தங்கிய பருக்கையை அள்ளிப் போடுகிறாள்; அனாதைகளின் கிண்ணத்தில் தெளிந்த நீர்தான் விழுகிறது. செத்துப்போன தாயின் கிமோனோக்களைக் கொடுத்து வாங்கிய அரிசியிலும் இதே பாகுபாடு. ஒகயாமாவில் சிறுவனாகக் குண்டுவீச்சில் தப்பியவர் தகஹாதா. அந்தக் கரண்டியின் அசைவில் அவர் காட்டும் துல்லியம் என்னை உலுக்குகிறது.

செய்தா கௌரவம் பார்த்துத் தங்கையோடு அத்தை வீட்டைவிட்டு வெளியேறாமல், அவளிடமே பணிந்து கிடந்திருந்தால் தங்கை பிழைத்திருப்பாள் என்பது பலர் சொல்லும் மறுப்பு. தகஹாதாவே இதை வெறும் போர் எதிர்ப்புப் படமாகச் சுருக்க மறுத்து, சமூகத்திலிருந்து விலகிய வாழ்வின் தோல்வி என்றார். அதில் உண்மை உண்டு. ஆனால் 14 வயதுப் பையனின் ரோஷம் உயிரையே வாங்குமளவுக்கு அந்தச் சமூகம் எப்படி ஆனது? படத்தில் ஒரு விவசாயி விளக்கிவிடுகிறார்: எல்லாமே ரேஷன், அண்டைவீட்டுக் குழுவில் இல்லாதவனுக்குப் பிழைப்பில்லை. தாய் வங்கியில் விட்டுப்போன 7,000 யென் இருந்தும் வாங்க உணவில்லை. வீட்டைவிட்டு வெளியேறியவன் உணவுப் பட்டியலைவிட்டும் வெளியேறினான். அந்த ஏற்பாட்டை உண்டாக்கியது போர்க்கால அரசு; அத்தையின் கல்நெஞ்சும் அதற்குள்தான் விளைந்தது.

2005-இல் வந்த தொலைக்காட்சி நாடகம் அத்தையை மையத்துக்குக் கொண்டுவந்து, தன் பிள்ளைகளைக் காக்கவேண்டிய பெண்ணாக அவளைக் காட்டியது. வில்லி தேடும் பார்வைக்கு அது நல்ல பதில். இருந்தாலும் நொசாகா தன்மேல் சுமத்திக்கொண்ட குற்றத்தை அதுவும் அண்ணனிடமிருந்து அத்தையிடமே கொண்டுபோகிறது. 1988 படத்தின் செய்தா திருடினாலும் தங்கைக்காகவே திருடுகிறான். அவளுடைய பங்கைத் தின்ற பையனைப் பற்றி அறிய, நொசாகாவின் பிற்காலக் கட்டுரைகளையும் கதையோடு சேர்த்தே படிக்க வேண்டியிருக்கிறது.