விடிவதற்குள் ஒரு கணக்கு

சீன யாத்திரிகர் யுவான் சுவாங் 640 வாக்கில் காஞ்சிபுரம் வந்தார். அதற்குத் தெற்கே கிடந்த மலகூடம் என்ற நாட்டைப் பற்றியும் அவருடைய குறிப்பில் ஒரு பகுதி உண்டு. அது பாண்டிய நாடுதான் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. அவர் அங்கே நேரில் போனாரா, காஞ்சியில் கேட்டதை எழுதினாரா என்று இன்னும் வாதாடுகிறார்கள். எப்படியானாலும் எழுதியது நமக்கு உறைக்கிறது: இந்நாட்டு மக்களுக்குப் படிப்பில் அவ்வளவு நாட்டமில்லை, முழு மூச்சாக வியாபாரத்தில் இறங்கியிருக்கிறார்கள். பழைய பௌத்த விகாரைகள் நிறைய இருந்தன, இப்போது சுவர்கள்தான் நிற்கின்றன, துறவிகள் மிகக் குறைவு.

திருநெல்வேலிக்காரனுக்கு இதைப் படித்ததும் கோபம் வரும். பிறகு டவுன் ரத வீதிகளில் ராத்திரி கடை சாத்தும் நேரம் நினைவுக்கு வந்தால் பாதி சிரிப்பும் வரும்.

அதே குறிப்பில்தான் போதலக மலையும் வருகிறது. உச்சியில் கண்ணாடி போலத் தெளிந்த ஏரி, அதிலிருந்து புறப்பட்டு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கித் தென்கடலில் சேரும் ஆறு, ஏரிக்கரையில் அவலோகிதர் என்ற போதிசத்துவர் வந்து தங்கும் கல்மாளிகை. அந்த மலை நம் பொதிகைதான், அந்த ஆறு தாமிரபரணிதான் என்று ஜப்பானிய ஆய்வாளர் ஷூ ஹிகோசாகா வாதிட்டிருக்கிறார். 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வீரசோழியம் எழுதிய புத்தமித்திரர் இன்னும் ஒரு படி மேலே போய், அகத்தியரே அவலோகிதரிடம்தான் தமிழ் கேட்டார் என்று பாயிரத்தில் சொல்லிவிட்டார். பாபநாசத்தில் முங்கி எழுந்து அகத்தியரைக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

நான் சொல்ல வந்தது மலையின் கதை இல்லை. இன்றைக்குப் புத்தகக் கடைகளில் அழகான அட்டை போட்டு 'நன்றிக் குறிப்பேடு' விற்கிறார்கள். படுக்கப் போகுமுன் அன்றைக்கு நன்றி சொல்ல வேண்டிய மூன்று விஷயங்களை எழுது, மனசு லேசாகும் என்கிறார்கள். பௌத்தத்திலிருந்து வந்த பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். பௌத்தத்தில் அப்படி ஒரு பழக்கம் இருப்பது உண்மை. ஆனால் அது மனசை லேசாக்கப் பிறந்ததில்லை. அது ஒரு கடன் கணக்கு. யுவான் சுவாங் ஏளனம் செய்த வியாபாரிகளுக்குத்தான் அது சட்டென்று விளங்கும்.

முதல் பதிவு ஓர் அகப்பைச் சோறு. விநய பிடகத்தின் மகாவக்கத்தில் இருக்கிறது. வயதான பிராமணர் ஒருவர் துறவியாக வேண்டும் என்று வந்து நிற்கிறார். பிக்குகள் யாரும் ஏற்கவில்லை. அவர் ஏங்கி இளைத்து நரம்பு தெரிய நடமாடுவதைப் புத்தர் பார்க்கிறார். இவர் செய்த உதவி எதையாவது நினைவில் வைத்திருப்பவர் யாரேனும் உண்டா என்று கேட்கிறார். சீடர் சாரிபுத்தர் எழுந்து, ராஜகிருகத்தில் பிச்சைக்குப் போனபோது இவர் எனக்கு ஓர் அகப்பைச் சோறு போடச் செய்தார், அது நினைவிருக்கிறது என்கிறார். அவ்வளவுதான். அந்தச் சோற்றுக்காகச் சாரிபுத்தரே அவருக்குக் குருவானார். தம்மபத உரை அவர் பெயரை ராதர் என்கிறது. சங்கத்தைக் கூட்டி, ஒரு முறை அறிவித்து, மூன்று முறை சம்மதம் கேட்டுத் துறவு கொடுக்கும் முறையைப் புத்தர் வகுத்ததும் இந்த நிகழ்ச்சியில்தான். இலங்கையிலும் பர்மாவிலும் தாய்லாந்திலும் இன்றுவரை பிக்குகள் அந்த முறைப்படியே துறவேற்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது சாரிபுத்தரின் நினைவை. மகத நாடெங்கும் எத்தனை வாசலில் கையேந்தியிருப்பார்! எந்த வாசலில் யார் என்ன போட்டார் என்பது தலைக்குள் பதிவாகியிருக்கிறது. துறவிகள் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டியவை என்று அங்குத்தர நிகாயம் பத்து விஷயங்களைச் சொல்கிறது. அதில் ஒன்று, என் பிழைப்பு அடுத்தவர் கையில் இருக்கிறது என்பது. இன்னொன்று ஒரு கேள்வி: என் பகலும் இரவும் எப்படிக் கழிந்துகொண்டிருக்கின்றன?

5ஆம் நூற்றாண்டில் உரையாசிரியர் புத்தகோசர் இதற்கு நேரம் குறித்தார். காஞ்சியில் தங்கியிருந்ததாகத் தம் உரை ஒன்றின் முடிவில் அவரே சொல்கிறார். பிறகு அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமக்கம் எழுதினார். பிக்கு அனுபவிப்பவை நான்கு: உடை, உணவு, இருப்பிடம், மருந்து. இவற்றை அனுபவிக்கும் விதமும் நான்கு என்கிறார். ஒழுக்கங்கெட்டவன் உண்பது திருட்டு. ஒழுக்கமுள்ளவனே ஆனாலும் நினைத்துப் பாராமல் உண்டால் அது கடன். ஞானத்தின் படிகளில் ஏறிவிட்டவர்களுக்கு அது அப்பன் சொத்து. முற்றும் அறுத்தவர்களுக்கு மட்டுமே சொந்தச் சொத்து. ஒவ்வொரு கவளத்துக்கும் நினைத்துப் பார்க்க வேண்டும், முடியாவிட்டால் சாப்பிடுமுன், சாப்பிட்டபின், இரவின் முதல் யாமம், நடு யாமம், கடை யாமம் என்று தவணையும் கொடுத்திருக்கிறார். ஒருமுறைகூட நினைக்காமல் பொழுது விடிந்துவிட்டால் அன்றைய சோறு கடன் கணக்கில் ஏறிவிடும்.

பழைய நெல்லைக் கடைகளில் நாள்வழியை அன்றன்றே முடிப்பார்கள். கல்லாவைக் கவிழ்த்து, சில்லறையை எண்ணி, வரவு செலவு இருப்பு மூன்றும் நேராகும்வரை கதவின் கடைசிப் பலகை ஏறாது. நாலணா இடித்தால் அந்த நாலணா கிடைக்கிறவரை கடைப் பையனும் வீட்டுக்குப் போக முடியாது. புத்தகோசரின் விடியற்காலைக் கெடு இந்த ஜாதிதான்.

இந்தக் கணக்கில் வரவு மட்டும் இல்லை. புத்தர் தம் மகன் ராகுலனுக்குச் சொன்ன பாடத்தில் மறுபக்கம் இருக்கிறது. அப்போது ராகுலனுக்கு ஏழு வயது என்கிறது மரபு. கால் கழுவிய செம்பில் கொஞ்சம் நீரை மிச்சம் வைத்துக் காட்டுகிறார். அறிந்தே பொய் சொல்ல வெட்கப்படாதவனிடம் துறவு இவ்வளவுதான் மிச்சம் என்கிறார். அந்த நீரையும் கொட்டுகிறார், செம்பைக் கவிழ்க்கிறார், நிமிர்த்தி வெறும் செம்பைக் காட்டுகிறார். பிறகு கண்ணாடி எதற்கு என்று கேட்கிறார். பார்த்துக்கொள்வதற்கு என்கிறான் பையன். அப்படியே ஒரு செயலைச் செய்யுமுன் பார், செய்யும்போது பார், செய்தபின்னும் பார். அது யாரையாவது துன்புறுத்தியிருந்தால் மூடி மறைக்காமல் பெரியவர்களிடம் போய்ச் சொல் என்கிறார். பாறைக் கல்வெட்டுகளில் பாண்டியர் பெயரைச் சொன்ன அதே அசோகர், இன்று ராஜஸ்தானில் உள்ள பைராட்டில் கிடைத்த கல்வெட்டில் பிக்குகளும் இல்லறத்தாரும் அடிக்கடி கேட்க வேண்டிய ஏழு பாடங்களைப் பரிந்துரைத்திருக்கிறார். அதில் கடைசியாக நிற்பது ராகுலனுக்குச் சொன்ன இந்த உபதேசம்.

சாரிபுத்தர் கதையும் ராகுலன் கதையும் வடக்கே நடந்தவை. தாமிரபரணி கடலில் சேரும் பக்கத்தில் தொடங்கும் கதை ஒன்று உண்டு. சாத்தனார் எழுதிய மணிமேகலையில் வருகிறது. அள்ள அள்ளக் குறையாத சோற்றுப் பாத்திரமான அமுதசுரபி என்றால் எல்லோருக்கும் தெரியும்; அதை முதலில் ஏந்தியவன் நம் சீமையில் பிறந்தவன் என்பது அவ்வளவாகத் தெரியாது.

காசியிலிருந்து குமரியாட வந்த சாலி என்னும் பெண், கொற்கையைத் தாண்டி ஒரு காவதத்தில், இடையர் குடியிருப்புக்குப் பக்கத்தில் பிள்ளையைப் பெற்றாள். யார் கண்ணிலும் படாத தோட்டத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். பசு ஒன்று வந்து பிள்ளையை நக்கிக் கொடுத்து, பாலூட்டி, ஏழு நாள் அந்த இடத்தைவிட்டு அகலாமல் காத்தது. அந்த வழியாக வந்த வயனங்கோட்டு அந்தணன் இளம்பூதி அழுகை கேட்டு எடுத்து வளர்த்தான். வேதம் படித்து வளர்ந்த பையன் ஒரு நாள் வேள்விச் சாலையில் கொம்பில் மாலை சுற்றிக் கட்டியிருந்த பசுவைப் பார்த்தான். நள்ளிரவில் அவிழ்த்துக்கொண்டு கிளம்பினான். பிடித்து அடித்தார்கள். பசு ஆசிரியனை முட்டிவிட்டுக் காட்டுக்குள் ஓடியது. அதற்குப் பிறகுதான் அவன் பிறப்புக் கதை ஊருக்குத் தெரிந்து 'ஆபுத்திரன்' ஆனான். வளர்த்த தகப்பன் கைவிட்டான். பிச்சைப் பாத்திரத்தில் சோற்றுக்குப் பதில் கல்லைப் போட்டார்கள்.

மதுரைக்குப் போய்ச் சிந்தாதேவி கோயிலில் தங்கினான். பிச்சை எடுத்து வந்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், ஆதரவற்றவர், நோயாளி எல்லோரையும் கூப்பிட்டுப் போட்டுவிட்டு, மிச்சத்தைத் தான் தின்று, பிச்சை ஓட்டைத் தலைக்கு வைத்துப் படுத்தான். இதுதான் அவனுடைய அன்றாடம். அமுதசுரபி கையில் வந்தது அதற்குப் பிறகு.

கடைசியில், யாருக்கும் பசியில்லாத காலம் வந்து, பாத்திரத்துக்கு வேலையில்லாமல் போயிற்று. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினான். கப்பல்காரர்கள் கவனிக்காமல் அவனை மணிபல்லவத் தீவில் விட்டுவிட்டுப் போனார்கள். ஊட்ட ஆளில்லாத இடத்தில் தான் மட்டும் உண்டு வாழப் பிடிக்காமல் பட்டினி கிடந்து உயிர்விட்டான். மறுபிறவியில் சாவகத்தில் அந்தப் பசுவின் வயிற்றிலேயே பிறந்து புண்ணியராசன் என்ற அரசனானான். அதற்குச் சாத்தனார் சொல்லும் காரணம்தான் எனக்கு முக்கியம்: தன்னைக் காத்த பசுவை அவன் இடைவிடாமல் நினைத்துக்கொண்டே இருந்தான். ஏழு நாள் குடித்த பாலை ஒரு வாழ்நாள் முழுக்கக் கணக்கில் வைத்திருந்திருக்கிறான்.

அந்த அரசன் பிறகு மணிபல்லவத்துக்கு வந்து மணலைத் தோண்டித் தன் பழைய எலும்பைத் தானே பார்க்கிறான். பக்கத்தில் இன்னும் ஒன்பது எலும்புக்கூடுகள். அவனை மறந்து கப்பல் ஏறிய செட்டிகளில் ஒன்பது பேர், தேடித் திரும்பி வந்து, நடந்ததை அறிந்து அங்கேயே உண்ணாமல் இறந்தவர்கள். பற்றுப் பத்தி இப்படித்தான் இந்தக் கதைக்குள் வருகிறது. யாருக்கு என்ன கொடுத்தோம் என்பதோடு, யாரை எங்கே விட்டுவிட்டு வந்தோம் என்பதும் கணக்கில் சேர்த்தி.

வியாபாரி என்றதும் இன்னொருவர் ஞாபகம் வருகிறது. யோஷிமோட்டோ இஷின், 1916இல் ஜப்பானின் நாரா பக்கம் யமாட்டோகொரியாமாவில் பிறந்தவர். ஜோதோ ஷின்ஷு என்ற பௌத்த மரபில் ஒரு சிறு குழுவினர், சாப்பாடு, தண்ணீர், தூக்கம் மூன்றையும் விட்டுத் தனியே அடைந்து கிடந்து, வாழ்க்கை முழுவதையும் துருவிப் பார்க்கும் 'மிஷிராபே' என்ற கடுமையான பயிற்சியை ரகசியமாகச் செய்துவந்தார்கள். யோஷிமோட்டோ பலமுறை முயன்று தோற்று, 1937இல் அதை முடித்தார். பிறகு வியாபாரம் செய்து சம்பாதித்தார். 1953இல் தொழிலை விட்டுச் சொந்த ஊரில் பயிற்சி நிலையம் தொடங்கினார். பட்டினியையும் ரகசியத்தையும் எடுத்துவிட்டு, துருவிப் பார்ப்பதை மட்டும் வைத்துக்கொண்டார். அதற்குப் பெயர் நைக்கான். 1950களிலேயே அது ஜப்பானியச் சிறைகளுக்கும் போயிற்று.

அறை மூலையில் ஒரு மடக்குத் தட்டி. அதற்குப் பின்னால் ஒரு வாரம், விடியற்காலையிலிருந்து இரவு 9 மணி வரை உட்கார வேண்டும். முதலில் அம்மா. பள்ளிக்கூடம் போகும்வரை ஒரு தவணை, பிறகு மூன்று மூன்று வருஷமாக. ஒவ்வொரு தவணைக்கும் மூன்று கேள்விகள்: அவளிடமிருந்து என்ன பெற்றேன்? அவளுக்கு என்ன திருப்பிக் கொடுத்தேன்? அவளுக்கு என்ன தொந்தரவு கொடுத்தேன்? ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை ஒருவர் வந்து, வணங்கி, கேட்டுக்கொண்டு போவார். அபிப்பிராயம் சொல்ல மாட்டார். நேரத்தில் பாதிக்கு மேல் மூன்றாவது கேள்விக்கு ஒதுக்கச் சொல்வது வழக்கம். அவள் எனக்குச் செய்த தொந்தரவு என்ன என்ற நான்காவது கேள்வி கிடையாது. அது எல்லோருக்கும் மனப்பாடம்.

2003இல் அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் நன்றியைக் குறித்துவைப்பவர்களின் மனநிலையை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு நன்றிக் குறிப்பேடு பெருகிற்று. ஆராய்ச்சியில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கடைக்கு வந்த நோட்டில்தான் குறை. அதில் முதல் கேள்வி மட்டும் இருக்கிறது. வரவை மட்டும் எழுதி இருப்புக் கட்டும் கணக்குப்பிள்ளையை எந்த முதலாளியும் ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள மாட்டார். எனக்கு இன்று நல்ல காப்பி கிடைத்தது, நன்றி என்று எழுதுகிறோம். போட்டவள் எத்தனை மணிக்கு எழுந்தாள் என்ற பத்தி அச்சிடப்படவே இல்லை.

நைக்கானில் இன்னொரு பயிற்சி உண்டு. வளர்த்த செலவைக் காசாகக் கணக்குப் போடச் சொல்வார்கள். குடித்த பாலுக்கு ஒரு விலை, துவைத்த துணிக்குக் கூலி, கட்டிக் கொடுத்த சாப்பாட்டுக்கு என்ன, இத்தனை வருஷத்துக்கு ஆக மொத்தம் எவ்வளவு என்று. நம்ம ஊர் ஆச்சி யாரிடமாவது இதைச் சொன்னால், "குடிச்ச பாலுக்கு வெல போடுதானாக்கும்? போல, கூறுகெட்டவனே" என்று விரட்டிவிடுவாள். ஆனால் அவளே, பேரனுக்குக் கோபம் ஏறும்போது, எந்த வருஷம் எந்தக் காய்ச்சலுக்கு எத்தனை ராத்திரி முழித்தோம், பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்ட எந்த நகையை எவ்வளவுக்கு அடகு வைத்தோம் என்பதை ஒரு பைசா பிசகாமல் சொல்லிவிடுவாள்.