முரசறைந்த காலமும் முகவரியறிந்த காலமும்

விற்பவன் தன் பொருளை விளம்புதல் வாணிகம் தோன்றிய நாள்தொட்டு வருவதாகும். புகார் நகரத்தில் கள் விற்கும் மனைமுன் கொடி அசைந்ததைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. இந்திர விழாவை நகர மாந்தர்க்கு உணர்த்த யானையின் பிடரியில் முரசேற்றி அறைந்ததை மணிமேகலை கூறுகின்றது. அக்கொடியும் முரசும் யாவர்க்கும் பொதுவானவை. கண்டவர் யார், கேட்டவர் யார், அவர் மடியிலுள்ள பணம் எவ்வளவு என்று அவை ஒருநாளும் வினவியதில்லை. இவ்வொன்றை மனத்திற் கொண்டு விளம்பரத்தின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1780-இல் கல்கத்தாவில் ஹிக்கி என்பார் தொடங்கிய இந்தியாவின் முதற் செய்தித்தாள், விளம்பரம் தாங்கி வருவது என்பதைத் தன் பெயரிலேயே சொல்லிக்கொண்டது. நம் மும்பை மாநகரில் 1838 நவம்பர் 3-ஆம் நாள் பிறந்த பம்பாய் டைம்ஸ் தன்னை வாணிக இதழ் என்றும் அழைத்துக்கொண்டது. அதுவே பின்னாளில் டைம்ஸ் ஆஃப் இந்தியா ஆயிற்று. 1905-இல் கிர்காமில் தத்தாராம் நிறுவனம் விளம்பரத்தையே தனித் தொழிலாக மேற்கொண்டது. 1967 நவம்பர் 1 முதல் மும்பை, புனே, நாகபுரி ஆகிய இடங்களில் விவித பாரதி விளம்பரங்களை ஒலிபரப்பியது. 1976 சனவரி 1-இல் தொலைக்காட்சியும் அவ்வழியிற் சென்றது. தாராவியின் ஒற்றையறைக் குடித்தனமும் மாதுங்காவின் மாடி வீடும் ஒரே பாட்டைக் கேட்டன. வேண்டாதார் திருகினை மூடினர். கேளாதார் யாரென்பதை வானொலி அறியவில்லை.

விளம்பரம் பெருகப் பெருக விபத்தும் வந்தது. செம்பூரை அடுத்த காட்கோபர் சேடா நகர்ப் பகுதி நம்மவர் பலரும் நன்கறிந்ததே. அங்கே 120 அடி அகலமும் 120 அடி உயரமுமாக ஒரு விளம்பரப் பலகை நின்றது. மாநகராட்சி விதி இசைந்த அளவோ 40-க்கு 40 அடிதான். 2024 மே 13-ஆம் நாள் வீசிய புழுதிப் புயலில் அது பெட்ரோல் நிலையத்தின்மேற் சாய, 17 உயிர்கள் மாண்டன.

பலகையேனும் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத மாற்றம் ஒன்று இன்று நம் கைக்குள்ளேயே நிகழ்கின்றது. கடையில் ஒரு படி அரிசி வாங்கினும், விலையோடு கைப்பேசி எண்ணையும் கேட்கின்றனர். அரிசிக் கடையும் மருந்துக் கடையும் சீட்டு விற்கும் இடமும் ஒரே எண்ணைப் பெறுகின்றன. அவ்வெண்ணைச் சரடாகக் கொண்டு நம் உணவு, நோய், பயணம் யாவற்றையும் ஒரு மாலையாகக் கோத்துவிட இயலும். அம்மாலைக்கு விலையும் உண்டு.

நாங்கள் பணிபுரியும் இரயில்வேத் துறையிலிருந்தே இதற்குச் சான்று தரலாம். முன்பதிவுப் பெட்டிகளின்மேல் பயணிகளின் பெயரும் வயதும் தாங்கிய தாளை ஒட்டுவது நெடுநாள் வழக்கம். 2018 மார்ச் 1 முதல் பெரிய நிலையங்களில் அவ்வழக்கம் சோதனை முறையில் நிறுத்தப்பட்டது. அத்தாளை நடைமேடையில் நின்றவர் மட்டுமே படித்தனர். பயணம் முடிந்ததும் அது கிழிந்து போயிற்று. கணிப்பொறியில் ஏறிய விவரம் கிழிவதில்லை. 2022 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம், பயணிகளின் விவரத் திரட்டிலிருந்து 1,000 கோடி ரூபாய் வரை ஈட்டும் வழிகளை ஆராய ஆலோசகர் தேவையென ஒப்பந்தப்புள்ளி கோரியது. பொதுமக்களிடையே எதிர்ப்பு எழுந்தது. அம்மாதம் 26-ஆம் நாள், அதனைத் திரும்பப் பெற்றதாக நாடாளுமன்றக் குழுவிடம் நிறுவனம் தெரிவித்தது. மக்கள் வாய் திறந்தால் பயன் உண்டு என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

சட்டமும் மெல்லத் துணைக்கு வருகின்றது. தனிமறைவு அடிப்படை உரிமையே என 2017 ஆகஸ்டு 24-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் தனிநபர் விவரங்களைக் காக்கும் சட்டம் நிறைவேறியது. இசைவு பெற்றே விவரம் கொள்ளல் வேண்டும், தந்த இசைவை மீட்டுக்கொள்ளவும் உரிமையுண்டு என்பன அதன் உயிர்நாடி. தவறினோர்க்கு 250 கோடி ரூபாய் வரை தண்டமும் உண்டு. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. பெரும்பாலான கடமைகள் பதினெட்டுத் திங்கள் கழித்தே நடைமுறைக்கு வருமென வகுக்கப்பட்டது. எண் தர மறுப்பார்க்குப் பொருள் விற்க மறுத்தல் தகாதென நுகர்வோர் துறையும் 2023-இல் கடைகளுக்கு அறிவுறுத்தியது.

நாம் விளம்பரத்திற்குப் பகைவர் அல்லோம். இம்மலர் அச்சேறுவதும் நம் வணிகப் பெருமக்கள் அளிக்கும் விளம்பரங்களாலேயே. அப்பக்கத்தில் தம் பெயரையும் கடையையும் அவர்களே முன்வந்து உரைக்கின்றனர். படிப்பவர் பெயரை வினவுவதில்லை. அதுவே நேரிய வாணிகம்.

ஆதலின் அன்பர்களே, ரசீதுக்கு எண் கேட்டால் எதற்கென்று வினவுங்கள், தேவையில்லையெனில் தராதீர்கள். வேண்டாத விளம்பர அழைப்புகளைத் தடுக்க 1909 என்னும் எண்ணிற் பதிவு செய்யுங்கள். நம் சங்கத்து உறுப்பினர் பட்டியலையும் கேட்டவர்க்கெல்லாம் ஈயாது காப்போமாக. வீட்டுக் கதவுக்குத் தாழிடக் கற்ற நாம், வீட்டாரின் விவரத்திற்கும் தாழிடக் கற்றல் வேண்டும்.