பிரிக்காத கடிதங்களின் மூட்டை

பிரிட்டனில் கடன் ஆலோசனை சொல்லும் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. வந்தவர் ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் கவிழ்ப்பார். மாதக்கணக்கில் பிரிக்காத கடிதங்கள் கொட்டும்: வங்கி, மின்சாரக் கம்பெனி, வாடகை பாக்கி, வசூல்காரர். ஆலோசகரின் முதல் வேலை உறைகளைக் கிழித்துத் தேதிவாரியாக அடுக்குவதுதான். இந்த எளிய வேலைக்கு யார் சம்பளம் கொடுப்பது என்பதில் அந்நாட்டு அரசு பல பத்தாண்டுகளாகத் தடுமாறியிருக்கிறது.

ஒரு காலத்தில் கடனாளிக்குக் கிடைத்தது ஆலோசனை அல்ல, சிறை. 1824-ல் ஜான் டிக்கன்ஸ் என்ற குமாஸ்தா, ரொட்டிக் கடைக்காரருக்கு 40 பவுண்டு 10 ஷில்லிங் பாக்கி வைத்ததால் லண்டன் மார்ஷல்சி சிறைக்குப் போனார். அவருடைய 12 வயது மகன் பாலிஷ் தொழிற்சாலையில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினான். பின்னாளில் நாவலாசிரியரான சார்லஸ் டிக்கன்ஸ்தான் அந்தப் பையன். சம்பாதிக்க வேண்டியவரை உள்ளே பூட்டிவிட்டு, வெளியே கடனைக் கேட்ட அந்த விசித்திரம் 1869 சட்டத்தோடுதான் பெருமளவு ஒழிந்தது.

ஆலோசனை மேசை வந்தது போரோடு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இறங்கிய மறுநாள், 1939 செப்டம்பர் 4-ல், 200 ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ் பீரோ’க்கள் திறந்தன. ரேஷன், காணாமல் போன உறவினர், இடிந்த வீடு என்று கேள்விகள் குவிந்தன. சம்பாதிக்கும் ஆண் பட்டாளத்துக்குப் போனதும் வீட்டு வருமானம் சரிந்ததால், கடனும் சீக்கிரமே அந்த வரிசையில் வந்து நின்றது. குதிரை ஏற்றும் வண்டி ஒன்றை அலுவலகமாக மாற்றி, குண்டு விழுந்த தெருக்களுக்கே ஓட்டிப் போனார்கள். 1942-க்குள் பீரோக்கள் 1,074 ஆயின. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தொண்டர்கள். போர் முடிந்தது, 1950-களில் அரசின் பணமும் சுருங்கியது.

ஆனால் கடன் சுருங்கவில்லை. 1966-ல் பார்க்ளேகார்டு வந்தது. தவணையில் வாங்குவது வெட்கமில்லாத பழக்கமானது. 1971-ல் பர்மிங்ஹாம் செட்டில்மென்ட் என்ற தொண்டு அமைப்பு, பணக் கஷ்டத்துக்கென்றே தனியாக ஓர் ஆலோசனை மையம் தொடங்கியது. 1987-ல் அங்கிருந்தே ஒரு தொலைபேசி உதவி எண்ணும் பிறந்தது. இன்றைய ‘நேஷனல் டெட்லைன்’ அதன் வாரிசு.

அரசின் பெரிய காசோலை 2006-ல் வந்தது: நேருக்கு நேர் ஆலோசனைக்கு 4.5 கோடி பவுண்டு, சுமார் 500 ஆலோசகர்கள். காசோலைக்குக் காலக்கெடு இருந்தது. 2011-ல் ஆட்சி மாறியிருந்தது, சிக்கன நடவடிக்கை ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் வேலையும் ஊசலாடியது. கடைசி நேரத்தில் ஓராண்டுக்கு மட்டும் 2.7 கோடி கொடுத்தார்கள். பிறகுதான் சாமர்த்தியமான ஒரு வழி பிறந்தது: பணத்தை நிதி நிறுவனங்களிடமே தீர்வையாக வசூலிப்பது. கடன் கொடுத்து லாபம் பார்ப்பவரே கடனில் மூழ்கியவருக்கு வழிகாட்டும் செலவையும் ஏற்கட்டும் என்பது நியாயமாகத்தான் படுகிறது. 2012 முதல் அந்தத் தீர்வைப் பணத்தை ‘மணி அட்வைஸ் சர்வீஸ்’ என்ற புதிய அமைப்பு பங்கிட்டது.

மறு வருடமே நாடாளுமன்றத்தின் நிதிக் குழு, அந்த அமைப்பு சொன்ன வேலைக்கு லாயக்கில்லை என்று சாடியது. அதோடு ஓய்வூதிய ஆலோசனை அமைப்புகள் இரண்டையும் சேர்த்துப் பிசைந்து, 2018 சட்டப்படி ஒரே அமைப்பாக்கினார்கள். முதலில் வைத்த பெயர் வாயில் நுழையவில்லை. 2019-ல் ‘மணி அண்ட் பென்ஷன்ஸ் சர்வீஸ்’ ஆயிற்று. ஏறக்குறைய 10 ஆண்டுகளில் போர்டுக்கு எத்தனை முறை பெயின்ட் அடித்தார்கள் என்று ஆலோசகர்களுக்கே கணக்குத் தவறியிருக்கும்.

அடுத்து, ஆலோசனையைப் பெரும்பாலும் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் நகர்த்தும் வகையில் ஒப்பந்தம் கோரினார்கள். ஊர் மையங்கள் மூடப்படும் என்று ஆலோசகர்களும் யூனைட் தொழிற்சங்கமும் கொதித்தார்கள். பிளாஸ்டிக் பையைத் தொலைபேசியில் கவிழ்க்க முடியாதே. 2022 தொடக்கத்தில் பிராந்திய ஒப்பந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

இதற்கிடையே சட்டம் ஆலோசகரின் கையில் இரண்டு சாவிகளைத் தந்திருந்தது. ஒன்று, 2021 மே 4 முதல் 60 நாள் மூச்சு விடும் அவகாசம்: ஆலோசகர் வழியாக விண்ணப்பித்தால் அந்த நாட்களில் வட்டி ஏறாது, வசூல்காரர் கதவைத் தட்டக் கூடாது. இன்னொன்று, 2009-ல் வந்த கடன் நிவாரண உத்தரவு. சொத்தும் வருமானமும் பெரிதாக இல்லாத ஏழைக்கான மஞ்சள் கடுதாசி அது. அதற்கும் 90 பவுண்டு கட்டணம் கேட்டார்கள். காலணா இல்லை என்று நிரூபிக்க வந்தவர் அந்தத் தொகையைச் சேர்க்கவே மாதக்கணக்கில் வாயைக் கட்டினார். கட்டணத்தை நீக்கியது 2024 ஏப்ரலில்.