தனித்து நின்ற இரு தீர்ப்புகள்

மக்களாட்சி என்பது பெரும்பான்மையோர் கருத்தின்வழி நடைபெறும் ஆட்சி என்பர். அமைதிக் காலத்திற்கு இவ்விலக்கணம் போதுமானதாகத் தோன்றும். போரும் கலகமும் சூழ்ந்த காலத்திலோ, பெரும்பான்மையோர் அச்சத்தின் வயப்பட்டு, ஆள்வோர் வேண்டும் அதிகாரமனைத்தையும் அளித்துவிடுதல் கூடும். அவ்வேளையில் மனச்சான்றின் குரல் எங்கிருந்து எழும்? ஒருவர் மாத்திரம் எழுப்பும் குரலாற் பயன்தான் யாது? இவ்வினாக்களை எண்ணுந்தோறும் நீதிமன்ற வரலாற்றில் தனித்து நின்ற இரு தீர்ப்புகள் என் நினைவுக்கு வருகின்றன.

முதலாவது பிரித்தானியாவில் எழுந்தது. ஒருவர் பகைத்தொடர்பு உடையவர் என நம்புதற்கு நியாயமான காரணம் இருப்பின், அவரை விசாரணையின்றித் தடுத்துவைக்கும் அதிகாரத்தை இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரமாணமொன்று உள்நாட்டு அமைச்சருக்கு அளித்தது. 1940 இல் இவ்வாறு சிறைப்பட்ட றொபேட் லிவசிட்ஜ் என்பார், தம்மைத் தடுத்துவைத்த காரணத்தை அறிய வழக்காடினார். அமைச்சர் காரணம் உண்டென நேர்மையாக எண்ணினாற் போதும்; நீதிமன்றம் அதனை ஆராய்தல் வேண்டா என 1941 நவம்பரிற் பிரபுக்கள் சபை நீதியரசர் நால்வர் தீர்த்தனர். அற்கின் பிரபு ஒருவரே மறுத்தார். காரணம் உண்டு என்பதும், உண்டென அமைச்சர் எண்ணுகின்றார் என்பதும் ஒன்றல்ல என்பது அவர் கொள்கை. போர் நடப்பினும் சட்டம் ஊமையாதல் தகாது என்றார். அமர்வுக்குத் தலைமை வகித்த மோம் பிரபு, ரைம்ஸ் பத்திரிகையிலேயே அவரைக் குறைகூறி எழுதினார்.

அதே சொற்றொடர் பற்றிய வழக்கொன்று இலங்கையிலும் எழுந்தது. 1945 ஆம் ஆண்டின் புடைவைக் கட்டுப்பாட்டுப் பிரமாணங்களின்கீழ் நக்குடா அலி என்னும் வணிகரின் அனுமதிப்பத்திரம் இரத்துச் செய்யப்பட்டது. அப்போது நமது இறுதி முறையீட்டு மன்றமாக விளங்கிய கோமறைக் கழகம், நியாயமான காரணம் மெய்யாகவே இருத்தல் வேண்டும் என 1950 இல் விளக்கிற்று. வணிகர் வேறு காரணங்களால் தோற்றார். அற்கின் பிரபுவின் கொள்கையோ நிலைபெற்றது. 1941 இற் பெரும்பான்மையோரே தவறினர் எனப் பிரபுக்கள் சபையில் டிப்ளொக் பிரபு 1979 இல் வெளிப்படக் கூறினார்.

இரண்டாவது தீர்ப்பு இந்தியாவுக்குரியது. 1975 யூன் 25 ஆந் திகதி அங்கே அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. விசாரணையின்றிச் சிறைப்பட்டோர் நீதிமன்றை நாடலாம் என ஒன்பது உயர் நீதிமன்றங்கள் தீர்த்தன. 1976 ஏப்பிரல் 28 இல் உச்ச நீதிமன்ற நீதியரசர் நால்வர் அவ்வாயிலை அடைத்தனர். எச். ஆர். கன்னா ஒருவரே, சட்டத்தின் அனுமதியின்றி உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்க எவ்வரசுக்கும் எக்காலத்தும் உரிமையில்லை என்றார். 1977 சனவரியில், மூப்பின்படி அவருக்குரிய பிரதம நீதியரசர் பதவி இளையவரொருவருக்கு வழங்கப்பட்டது. கன்னா பதவி துறந்தார். 2017 இல் ஒன்பது நீதியரசர் கொண்ட ஆயம் 1976 ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீக்கிற்று. முதன்மைத் தீர்ப்பை எழுதியவர், அந்நால்வருள் ஒருவரின் மைந்தர்.

கண்ணகி ஒருத்தியின் குரலுக்குப் பாண்டியன் அவையிலேயே தன் பிழையை உணர்ந்தான். இக்கால அரசுகளுக்கோ 38 ஆண்டும் 41 ஆண்டும் வேண்டியிருந்தன. தீர்ப்பு நாளிற் சிறையிலிருந்தோருக்கு அற்கினும் கன்னாவும் கதவைத் திறந்தாரல்லர். இவ்வுண்மையை மறைத்தல் ஆகாது. எனினும், தோற்றவர் கருத்தும் வென்றவர் கருத்தோடு ஒருங்கே அச்சேறி நிலைத்தது. அதனாலன்றோ பிற்காலத்தோர் அதனை எடுத்தாள முடிந்தது? மாற்றுக் கருத்தைப் பேணிவைக்கும் இப்பண்பே மக்களாட்சியின் மனச்சான்று என யான் கருதுகின்றேன்.

நமது நாட்டில் 1979 இல் இயற்றப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டமும், நம்பவோ ஐயுறவோ காரணமிருப்பின் ஒருவரைத் தடுத்துவைக்க அமைச்சருக்கு அதிகாரம் அளித்தது. 18 மாதமாக இருந்த அதன் உச்ச எல்லை 2022 இல் 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. எல்லை குறைந்தமை நன்றே. ஆயினும் ஒருநாள் தடுப்பாயினும், காரணம் யாது, அதனை ஆராய்பவர் யார் என வினவுதல் குடிமக்கள் கடன். அவ்வினாவை அச்சமின்றி எழுப்பக் கற்பித்தல் கல்லூரிகளின் கடனாகும்.