ஸ்டென்பெர்க் உடன்பிறந்தாரின் திரைப்படச் சுவரொட்டிகள்

சுவரொட்டி நெடுநாள் நிற்றற்கென அமைந்த பொருள் அன்று. ஒரு படம் அரங்கில் ஓடும் நாள்வரை அது தெருவில் நிற்கும். பின் வேறொரு படத்தின் தாள் அதன்மேல் ஒட்டப்பெறும். இங்ஙனம் மறைதற்குரிய ஒன்று கலைக்கூடத்துச் சுவரில் இடம்பெறுமாயின், அஃது எதற்குச் சான்றாகின்றது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் பொருள். 1997-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நவீனக் கலைக்கூடம் காட்சிக்கு வைத்த, சோவியத்து நாட்டு விளாதிமிர் ஸ்டென்பெர்க், கியோர்கி ஸ்டென்பெர்க் என்னும் உடன்பிறந்தாரின் படைப்புகள் இவ்வாய்விற்குப் பெரிதும் துணைபுரிவன.

விளாதிமிர் 1899-இலும் கியோர்கி 1900-இலும் மாஸ்கோவிற் பிறந்தனர். அந்நகரின் ஸ்த்ரோகனோவ் கலைப்பள்ளியிற் பயின்று, புரட்சிக்குப்பின் இளங்கலைஞர் குழுவொன்றிற் சேர்ந்து, 1921-இல் உலோகத்தாலான கட்டமைப்புகளைக் காட்சிக்கு வைத்தனர். காமெர்னி நாடக அரங்கிற்குக் காட்சியமைப்பும் செய்தனர். திரைப்படச் சுவரொட்டிகள் பலவற்றை இருவரும் கூடியே இயற்றி, 'இரண்டு ஸ்டென்பெர்க்' எனப் பொருள்படக் கையொப்பம் இட்டனர். ஆதலின் இன்ன கோடு இன்னவருடையது எனப் பிரித்துக் கூறுதல் அரிது.

இச்சுவரொட்டிகளைக் காண்போர் பலர் இவற்றைப் புகைப்படங்களை வெட்டி ஒட்டியவை என்றே கருதுவர். ரோத்சென்கோ 1923-இல் மாயகோவ்ஸ்கியின் நூலொன்றிற்கு அமைத்த படங்கள் அம்முறையின. ஸ்டென்பெர்க் உடன்பிறந்தாரின் முறையோ வேறு. அன்றைய கல்லச்சில் பெரிய அளவிற் புகைப்படத்தைத் தெளிவாகப் பதித்தல் எளிதாக இல்லை. எனவே, திரைப்படச் சுருளின் தனிப்படத்தை ஒளிபாய்ச்சிப் பெரிதாக்கவும் கோணத்தைத் திரிக்கவும் வல்ல கருவியொன்றைத் தாமே அமைத்து, அவ்வுருவைக் கையால் வரைந்தனர். புகைப்படமெனத் தோன்றுவது உண்மையில் ஓவியமே. வரைவது தம் கையேயாதலின், நிறத்தையும் அளவையும் விரும்பியவாறு மாற்றும் உரிமை அவர்க்குக் கிட்டியது.

வெர்த்தோவின் 'திரைப்படக் கருவியுடன் மனிதன்' என்னும் 1929-ஆம் ஆண்டுப் படத்திற்கு அவர் இயற்றிய சுவரொட்டியொன்று இதனை விளக்கும். வானளாவும் கட்டடங்கள் கீழிருந்து நோக்கும் கோணத்தில் எழுகின்றன. நடுவே ஒரு பெண் பின்சாய்கின்றாள். அவள் தலையும் கை கால்களும் உடலினின்று பிரிந்து நிற்கின்றன. எழுத்துகள் வட்டமாகச் சுழல்கின்றன. படத்தொகுப்புக் கொள்கையின் விளைவு இது என்பர் அறிஞர். அக்கூற்றை நாம் மறுத்திலம். ஆயின், கொள்கை மட்டும் இவ்வுருவைத் தந்துவிடவில்லை. அச்சுக்கூடத்தின் குறையும் அதனைக் கடந்த கைத்திறனும் உடன் நின்றன என்பதே எம் கருத்து.

1920-களின் நடுப்பகுதியில் மாஸ்கோவிலேயே திரைப்படச் சுவரொட்டிக் கண்காட்சி நிகழ்ந்ததுண்டு. அங்குக் கண்டோர் அத்தாள்களைத் தெருவிலும் கண்டவர். 1997-இற் கண்டோர்க்கோ அத்தெரு இல்லை. இடையே வரலாறும் மாறிற்று. 1932-இல் கட்சி ஆணையால் கலைக்குழுக்கள் கலைக்கப்பெற்றன. 1933-இல் கியோர்கி சாலை நேர்ச்சியில் இறந்தார். விளாதிமிர் 1982 வரை வாழ்ந்தார் எனினும், இருவர் கூடிய அத்தொழில் மீளவில்லை.

அக்காலச் சோவியத்துச் சுவரொட்டிகளின் அடிவிளிம்பில் அச்சகத்தின் பெயரும், அச்சிட்ட படிகளின் தொகையும், தணிக்கை எண்ணும் சிற்றெழுத்திற் பொறிக்கப்படுதல் வழக்கம். கலைச்சுவைஞர் அவ்வரியைக் கடந்து செல்வர். வரலாற்றாசிரியர் அங்ஙனம் செல்லுதல் தகாது. எத்துணைப் படிகள் அச்சாயின, எவர் அச்சிட்டனர், எவர் இசைவு தந்தனர் என்பனவற்றை அவ்வரியே உரைக்கும். பதிப்பிப்போர் அழகு கருதி அவ்விளிம்பை நறுக்கிவிடின், ஓவியம் எஞ்சும், சான்று அழியும். ஆகவே, சுவரொட்டியை முழுத்தாளாகக் காட்டுதலும் முழுத்தாளாகப் படித்தலுமே இத்துறை ஆய்வின் முதற்கடன் எனக் கொள்ளுதல் பொருந்தும்.