நிழற்படத்தில் படிந்த தூசி

இன்றைய கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்க வயலுக்கு வட ஆர்க்காடு, சேலம் போன்ற மாவட்டங்களிலிருந்து தமிழர் பிழைக்கச் சென்ற வரலாற்றை நேயர்கள் பலர் அறிவார்கள். அக்குடும்பங்களிலே பிறந்தவர்களும் உங்களுள் இருக்கக்கூடும். 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலில் இறங்கினர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. இந்த நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் அந்த மண்ணிலிருந்து வெளிவந்தது. அதை வெட்டி எடுத்தவர்களின் வீடுகள் பலவற்றில் எஞ்சியதோ, சுவரில் சட்டமிட்டு மாட்டிய ஒரு நிழற்படம் மட்டுமே.

இன்று பேரப்பிள்ளைகள் அப்படங்களைக் கணிப்பொறியில் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். அப்போது பாட்டனார் முகத்துக்கு முன்பே கண்ணில் படுவது தூசிதான். அத்தூசியைக் கண்டுபிடித்து நீக்கும் கலைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனைச் சுருக்கமாகக் காண்போம்.

1851-இல் ஃப்ரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் கண்ணாடித் தகட்டில் படமெடுக்கும் ஈரத்தகட்டு முறையை வெளியிட்டார். ஈரமான தகட்டில் தூசி எளிதில் ஒட்டும். ஒட்டிய துகள் அவ்விடத்தில் ஒளி படாமல் மறைக்கும்; நெகடிவில் அவ்விடம் ஊசித்துளைபோல் தெளிந்து நிற்கும்; அச்சிட்ட படத்திலோ கரும்புள்ளியாகும். அச்சிடும் வேளையில் நெகடிவின் மேல் தூசி கிடந்தால் நிலைமை நேர்மாறு: படத்தில் வெண்புள்ளி விழும். ஆகவே, புள்ளியின் நிறத்தைக் கண்டே அது எப்போது விழுந்தது என்று பழைய ஸ்டூடியோக்காரர் சொல்லிவிடுவார். வெண்புள்ளியை மெல்லிய தூரிகையால் சாம்பல் மை தொட்டு மறைப்பார். கரும்புள்ளியைக் கூரிய கத்தி முனையால் மெல்லச் சுரண்டுவார்.

நீக்கக் கற்ற கை சேர்க்கவும் கற்றது. 1855-இல் பாரிஸ் கண்காட்சியில் ஃப்ரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல் என்னும் ஜெர்மானியர், நெகடிவிலேயே திருத்தம் செய்த படங்களைக் காட்டினார். சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் மதுரை, தஞ்சைப் படங்களோடு, தங்க வயலுக்குத் தெற்கே உள்ள இராயக்கோட்டைப் படங்களையும் வெளியிட்டார். வெறுமையாகத் தோன்றிய வானத்தில் மேகம் இருப்பதுபோல் காட்ட நெகடிவில் வண்ணம் தீட்டும் வழக்கம் உடையவர் அவர். இல்லாததைத் துடைப்பதும் இல்லாததை வரைவதும் அன்றே ஒரே தூரிகையின் வேலைகளாகிவிட்டன.

பிலிம் காமிராவில் ஒவ்வொரு படத்துக்கும் புதிய பிலிம் முன்வரும். ஆகவே ஒரு படத்தில் விழுந்த தூசி அப்படத்தோடு போய்விடும். டிஜிட்டல் காமிராவிலோ ஒளியை வாங்கும் சென்சார் என்றும் ஒன்றே. லென்ஸை மாற்றும்போது புகும் துகள் சென்சாரின் முன்னுள்ள மெல்லிய கண்ணாடியில் அமர்ந்துகொண்டு, படத்துக்குப் படம் அதே இடத்தில் மங்கிய கறையாகத் தோன்றும். இதைக் கண்டறிய, லென்ஸின் துவாரத்தை எஃப் 22 அளவுக்குச் சுருக்கித் தெளிந்த வானத்தையோ வெள்ளைச் சுவரையோ படமெடுத்துப் பார்க்க வேண்டும். துவாரம் அகன்றிருந்தால் கறை கரைந்து மறைந்துவிடும். சென்சாரில் உருவம் தலைகீழாக விழுவதால், படத்தின் மேற்புறம் தெரியும் கறைக்குரிய துகள் சென்சாரின் கீழ்ப்புறம் இருக்கும். 2003-இல் ஒலிம்பஸ் கம்பெனியார், அக்கண்ணாடியை அதிவேகமாக அதிரச்செய்து தூசியை உதறும் ஏற்பாட்டைத் தம் காமிராவில் அமைத்தனர்.

படத்தில் ஏற்கெனவே விழுந்துவிட்ட புள்ளிக்கு மென்பொருள் வந்தது. 1990-இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பில், பக்கத்து இடத்தைப் பிரதியெடுத்துப் புள்ளியின் மேல் ஒட்டலாம். ஆனால் நிறம் பொருந்தாவிடில் ஒட்டு தெரியும். 2002-இல் வந்த கருவியோ, இழையமைப்பை ஓரிடத்திலிருந்தும் நிறத்தையும் ஒளியையும் புள்ளியின் சுற்றுப்புறத்திலிருந்தும் எடுத்து இணைத்தது. 2005-இல் ஒரே சொடுக்கில் புள்ளியை மறைக்கும் கருவி வந்தது. 2013-இல் லைட்ரூம் என்னும் மென்பொருள், புள்ளிகளைக் கறுப்புத் திரையில் வெண்மையாக எடுத்துக்காட்டத் தொடங்கியது. அந்த ஃபோட்டோஷாப்பைத் திறக்கும்போது தோன்றும் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்னும் பெயரை உலகெங்கும் பலர் பார்த்திருக்கிறார்கள்.

வண்ண பிலிமை ஸ்கேன் செய்யும்போது அகச்சிவப்பு ஒளி சாயங்களை ஊடுருவிச் செல்லும். தூசியோ அதை மறித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கறுப்பு வெள்ளை பிலிமில் அவ்வித்தை பலிக்காது. அங்கே உருவத்தை ஆக்கியிருப்பது வெள்ளி. அதுவும் அவ்வொளியை மறித்துவிடும். தாத்தாவும் தூசியும் கருவிக்கு ஒன்றாகவே தோன்றுவர். ஆகவே நம் முன்னோர் படங்களுக்கு இறுதித் தீர்ப்பு மனிதக் கண்ணுடையதே.

இதை நான் பட்டே அறிந்தேன். தங்க வயலில் சுரங்கக் குடியிருப்பின் வாசலில் என் ஆயாவும் தாத்தாவும் நிற்கும் படம் ஒன்று எங்களிடம் உண்டு. வெண்புள்ளிகள் மிகுந்திருந்ததால், அனைத்தையும் ஒருசேரத் துடைக்கும்படி கணிப்பொறிக்குக் கட்டளையிட்டேன். படம் பளிச்சென்று ஆயிற்று. பெருமையோடு என் அத்தையிடம் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அம்மா மூக்குத்தி எங்கேப்பா?" என்று கேட்டார். தங்கம் விளைந்த ஊரில் ஆயுள் முழுதும் வாழ்ந்த ஆயா அணிந்திருந்த தங்கம் அந்த ஒரு பொட்டுதான். அதையும் நான் தூசியென்று துடைத்திருந்தேன். உற்றுப் பார்த்தால் தாத்தாவின் கண்ணில் இருந்த ஒளிப்புள்ளியும் போயிருந்தது.

மூலப்படத்தைத் தொடாமல் வைத்திருந்ததால் பிழைத்தேன். மறுபடியும் ஒரு பிரதியை எடுத்து, முழு அளவுக்குப் பெரிதாக்கி, ஒவ்வொரு புள்ளியாக, இது தூசியா, உருவமா என்று கேட்டுக் கேட்டு நீக்கினேன். இரண்டு மாலைப்பொழுதுகள் சென்றன. ஐயமுள்ள இடங்களில் அத்தையே எனக்கு நீதிபதி.

அப்படத்தின் பின்னணியில் வெளிறிய மேடு ஒன்றும் தெரிகிறது. அதையும் கறையென்று எண்ணியிருந்தேன். அது சயனைடு மேடு. பாறையை மாவாக அரைத்து, 1887-இல் கண்டறியப்பட்ட சயனைடு முறையால் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய சக்கை அது. காற்று வீசினால் அத்தூள் குடியிருப்புகளின் மேல் படியும். சுரங்கத்தின் உள்ளேயோ, பாறைத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களைச் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் பற்றியது. சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னும் அந்த மேடுகள் அங்கேயே நிற்கின்றன.

படத்தின் மேல் விழுந்த தூசியைத் துடைக்கலாம், துடைக்கவும் வேண்டும். படத்துக்குள் இருக்கும் தூசி நம் முன்னோர் வாழ்ந்த வாழ்க்கை. உங்கள் வீட்டிலும் ஒரு பழைய படம் இருக்குமானால், அதைத் திருத்துமுன் வீட்டிலுள்ள பெரியவர் ஒருவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். எது தூசி, எது மூக்குத்தி என்று சொல்ல அவர் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.