மகாலே மலைக்காடு: சிம்பன்சிகளும் தோங்வே மக்களும்

தான்சானியா நாட்டின் மேற்கு ஓரத்தில், தங்கனிக்கா ஏரியின் கிழக்குக் கரையில் அமைந்துள்ளது மகாலே மலைகள் தேசியப் பூங்கா. 1985ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இதன் பரப்பளவு 1,613 சதுர கிலோமீட்டர். ஏரிக்கரையை ஒட்டியே எழும்பும் மலைத்தொடரின் உயர்ந்த சிகரம் ங்குங்வே, கடல் மட்டத்திலிருந்து 2,462 மீட்டர் உயரமுடையது. மலையின் மேற்குச் சரிவில் உள்ள அடர்ந்த காட்டில் சிம்பன்சிகள் இயற்கையான சூழலில் வாழ்கின்றன. அவற்றைக் காணவே உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் இங்கு வருகிறார்கள். சுற்றுலாக் கையேடுகள் இக்காட்டை 'மனிதன் கால்படாத காடு' என்று வருணிப்பதுண்டு. இக்காட்டின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

தமிழில் சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகிய எல்லாவற்றையும் மனிதக் குரங்கு என்று பொதுவாகச் சொல்வது வழக்கம். உண்மையில் சிம்பன்சி, வாலுள்ள குரங்குகளைவிட மனிதனுக்கே நெருங்கிய உறவு. சுவாகிலி மொழியில் இதற்குச் சோக்வே என்று பெயர்.

சென்று சேரும் வழி

பூங்காவுக்குள் வண்டிச் சாலை கிடையாது. ஏரி வழியாகப் படகில் வர வேண்டும், அல்லது சிறிய விமானத்தில் வந்து இறங்கி, அங்கிருந்து படகு பிடிக்க வேண்டும். உள்ளே எங்கு செல்வதானாலும் நடைதான். அருகிலுள்ள பெரிய ஊரான கிகோமா, வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது.

நெடுங்காலம் இப்பகுதிக்கு வெளியுலகத் தொடர்பாக இருந்தது லியம்பா என்ற கப்பல். இதன் கதையே ஒரு தனி வரலாறு. ஜெர்மனியின் பாப்பன்பர்க் நகரில் 1913இல் கட்டப்பட்டு, பிறகு பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு, சுமார் 5,000 பெட்டிகளில் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. கிகோமாவில் மீண்டும் பொருத்தப்பட்டு 1915இல் ஏரியில் இறக்கப்பட்டது. அப்போது அதன் பெயர் கிராஃப் ஃபான் கோட்சன். முதல் உலகப் போரில் பின்வாங்க நேர்ந்தபோது, எதிரியின் கையில் சிக்கக் கூடாதென்று 1916இல் ஜெர்மானியர்களே அதை மூழ்கடித்தனர். அவ்வாறு செய்தவர்கள் இயந்திரங்களுக்கு நன்றாக மசகு பூசிவிட்டே மூழ்கடித்தார்கள். பின்னொரு நாள் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற நம்பிக்கை போலும். 1924இல் ஆங்கிலேயர் அதை மேலே தூக்கினர். 1927இல் லியம்பா என்ற புதுப்பெயருடன் அது மீண்டும் ஓடத் தொடங்கியது. மகாலே அருகே துறைமுக மேடை இல்லாததால், கப்பல் ஏரியில் நிற்க, பயணிகள் சிறு படகுகளில் இறங்கிக் கரை சேர்ந்தனர்.

கரும்புத் தோட்டமும் ஒரு மாணவரும்

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கின்ஜி இமானிஷி, ஜுனிசிரோ இடானி ஆகியோர் 1958இல் முதன்முறையாக ஆப்பிரிக்கா வந்தனர். அவர்கள் முதலில் ஆராய விரும்பியது கொரில்லாவை. 1960இல் காங்கோவில் எழுந்த குழப்பத்தால் அது தடைப்பட, அவர்களது கவனம் தங்கனிக்கா ஏரிக்கரைச் சிம்பன்சிகளின் பக்கம் திரும்பியது. அதே 1960ஆம் ஆண்டில்தான் ஏரியின் வடபகுதியில் உள்ள கோம்பேயில் ஜேன் குடால் தம் ஆய்வைத் தொடங்கியிருந்தார். கோம்பேயின் புகழ் உலகெங்கும் பரவியது. மகாலேயின் பணி அந்த அளவுக்குப் பொதுமக்களை எட்டவில்லை என்றாலும், அறிவியலில் அதன் இடம் சிறிதன்று.

1965இல் இடானியின் மாணவரான தோசிசாதா நிஷிதா, மகாலே மலையடிவாரத்தில் உள்ள கசோகே என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24. மனிதரைக் கண்டால் ஓடிவிடும் விலங்கை எப்படி அருகிருந்து பார்ப்பது? அவர் கரும்பு பயிரிட்டுக் காத்திருந்தார். 1966இல் சிம்பன்சிகள் கரும்பைத் தேடி வரத் தொடங்கின. பிறகு வாழைப்பழமும் கொடுக்கப்பட்டது. இவ்வாறு உணவிட்டுப் பழக்கும் முறை விலங்குகளின் இயல்பான நடத்தையை மாற்றிவிடும் என்ற விமர்சனம் எழுந்தது. அது நியாயமான விமர்சனமே. 1987இல் இம்முறை முற்றிலும் கைவிடப்பட்டது.

நிஷிதாவின் முக்கியக் கண்டுபிடிப்பு 1968இல் வெளிவந்தது. அதுவரை சிம்பன்சிகள் கட்டுக்கோப்பு இல்லாமல் சேர்ந்தும் பிரிந்தும் திரிபவை என்றே கருதப்பட்டது. அவற்றுக்கு வரையறுத்த உறுப்பினர்களும் எல்லையும் கொண்ட சமூகம் உண்டு என்பதை அவர் காட்டினார். ஆண்கள் பிறந்த குழுவிலேயே தங்கிவிடுகின்றன. பெண்கள் பருவமடைந்தபின் வேறு குழுவுக்குச் செல்கின்றன. 'கே' குழு, 'எம்' குழு என்ற இரு அண்டைக் குழுக்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தனர். 'கே' குழுவின் வளர்ந்த ஆண்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காணாமற்போயின. 1980களின் தொடக்கத்தில் அக்குழு அழிந்தது; அதன் பெண்களில் பெரும்பாலானவை 'எம்' குழுவில் சேர்ந்துகொண்டன. எண்ணிக்கையில் பெரிய 'எம்' குழுவின் ஆண்கள் கொன்றிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஐயம். கோம்பேயில் இத்தகைய கொலைகள் கண்ணாலேயே காணப்பட்டன. மகாலேயில் அது ஊகமாகவே நிற்கிறது.

ஊர் காடானது

நிஷிதா வந்தபோது கசோகே வெறும் காடாக இருக்கவில்லை. அங்கே தோங்வே மக்கள் வாழ்ந்தனர். பாண்டு மொழி பேசும் இவர்கள் காட்டின் சிறு பகுதிகளைத் திருத்தி மக்காச்சோளமும் மரவள்ளியும் பயிரிட்டனர். சில ஆண்டுகள் கழித்து அந்த நிலத்தைத் தரிசாக விட்டு வேறிடம் செல்வர். ஏரியில் மீன் பிடிப்பதும் இவர்களது தொழில். ங்குங்வே சிகரம் இவர்களுக்குப் புனிதமானது. முன்னோரின் ஆவிகளும் காவல் தெய்வங்களும் மலையில் உறைவதாக நம்பினர். ஆய்வாளர்களுக்குக் காட்டுவழி காட்டியவர்களும், மரங்களுக்கும் கொடிகளுக்கும் பெயர் சொல்லித் தந்தவர்களும் இம்மக்களே.

1967இல் தான்சானியாவின் குடியரசுத் தலைவர் ஜூலியஸ் நைரேரே உஜாமா என்ற கூட்டுக்குடும்பக் கொள்கையை முன்வைத்தார். சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளை ஒன்றுசேர்த்துப் பெரிய கிராமங்களாக்கினால் பள்ளி, மருத்துவமனை, குடிநீர் தருவது எளிது என்பது அதன் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் 1970களின் நடுப்பகுதியில் குடிபெயர்வு கட்டாயமாக்கப்பட்டது. கசோகே மக்களும் தங்கள் மலையடிவாரத்தை விட்டு வெளியேறினர். 1975 முதல் ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமை வல்லுநர்களை அனுப்பி, பூங்கா அமைக்கும் பணிக்கு உதவியது. பூங்கா அறிவிக்கப்பட்டபின் மக்கள் திரும்பி வந்து குடியேறும் வழி அடைபட்டது.

மக்கள் போனபின் வயல்களைக் காடு மூடிக்கொண்டது. அவர்கள் வளர்த்த மா, கொய்யா, எலுமிச்சை மரங்கள் மட்டும் எஞ்சி நின்றன. ஊர் இருந்தவரை சிம்பன்சிகள் இப்பழங்களை உண்டதாகத் தெரியவில்லை. ஆள் நடமாட்டம் குறைந்தபின், 1980களில், அவை ஒவ்வொன்றாகச் சுவைத்துப் பழகியதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். இன்று பயணிகள் சிம்பன்சியைத் தேடி நடக்கும் கீழ்ச்சரிவில் ஒரு பகுதி, அரை நூற்றாண்டுக்கு முன் ஒருவரின் வயலாகவோ வீட்டுக் கொல்லையாகவோ இருந்த நிலம்.

பழக்கமும் மருந்தும்

கோம்பேயும் மகாலேயும் ஒரே ஏரிக்கரையில் உள்ளவை. இரண்டிலும் இருப்பது ஒரே இனச் சிம்பன்சி. ஆயினும் பழக்கங்கள் வேறு. ஒன்றையொன்று பேன் பார்த்து மயிரைக் கோதிவிடும்போது, மகாலேச் சிம்பன்சிகள் இரண்டு எதிரெதிரே அமர்ந்து, ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொள்கின்றன. கோம்பேயில் இவ்வழக்கம் காணப்படவில்லை. வில்லியம் மெக்ரூ, கரோலின் டுடின் இருவரும் 1978இல் இதை எழுதியபோது, 'விலங்குகளுக்கும் பண்பாடு உண்டா' என்ற விவாதம் சூடுபிடித்தது.

1987ஆம் ஆண்டு நவம்பரில் மைக்கேல் ஹஃப்மன் என்ற ஆய்வாளரும், பூங்காவில் பணியாற்றிய தோங்வே இனத்தவரான முகமதி செய்பு கலுண்டேயும் சௌசிகு என்ற பெண் சிம்பன்சியைப் பின்தொடர்ந்தனர். அது சோர்ந்து படுத்திருந்தது. பிறகு எழுந்து ஒரு செடியின் தண்டை ஒடித்து, தோலை உரித்து, உள்ளிருந்த சோற்றை மென்று சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்பியது. கடுங்கசப்பான அந்தச் செடி வெர்னோனியா அமிக்டலினா. வயிற்றுக் கோளாறுக்குத் தங்கள் மக்கள் உண்ணும் மருந்து அது என்று செய்பு சொன்னார். மறுநாள் சௌசிகு தெளிந்து நடமாடியது. செய்பு அருகில் இல்லாதிருந்தால், ஹஃப்மனின் குறிப்பேட்டில் அது ஒரு வேளை உணவாகவே பதிவாகியிருக்கும். பின்னர் நடந்த வேதியியல் ஆய்வுகள் அச்செடியில் குடல் ஒட்டுண்ணிகளைத் தாக்கும் பொருள்கள் இருப்பதை உறுதிசெய்தன.

இன்றைய பயணிக்கு

இன்று பயணிகளுக்குக் காட்டப்படுவது மனிதருக்குப் பழகிய 'எம்' குழு. அதில் ஏறக்குறைய 60 சிம்பன்சிகள் உள்ளன. மழையற்ற மாதங்களில், குறிப்பாக ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை, அவை கீழ்ச்சரிவுகளுக்கு வருவதால் காண்பது எளிது. மற்ற காலங்களில் பல மணி நேரம் மலையேற வேண்டியிருக்கும். ஏறியும் காணாமல் திரும்புவோர் உண்டு.

மனிதனிடம் பழகியது சிம்பன்சிகளுக்கு ஓர் ஆபத்தையும் கொண்டுவந்தது. மனிதனுக்குச் சாதாரணச் சளியாகக் கழிந்துபோகும் கிருமி அவற்றைக் கொல்லக்கூடும். 1993இலும் 2006இலும் 'எம்' குழுவில் சளிக்காய்ச்சல் போன்ற நோய் பரவியது. 2006இல் மட்டும் ஏறக்குறைய 12 சிம்பன்சிகள் இறந்தன அல்லது காணாமற்போயின. அக்கால நோய்ப்பரவலை ஆராய்ந்தவர்கள், மனிதரிடம் காணப்படும் சுவாச வைரசோடு தொடர்புடைய ஒன்றைச் சிம்பன்சிகளிடம் கண்டறிந்தனர்.

அதனால் விதிகள் கடுமையாயின. ஒரு நேரத்தில் ஆறு பயணிகளுக்கு மேல் அருகில் செல்லக் கூடாது. பார்வை நேரம் ஒரு மணி. பத்து மீட்டர் இடைவெளி விட வேண்டும். சிம்பன்சியே நெருங்கி வந்தால் மனிதர்தான் பின்வாங்க வேண்டும். காட்டில் உண்ணவோ எச்சில் துப்பவோ கூடாது. இருமல், காய்ச்சல் உள்ளவர்கள், எவ்வளவு செலவழித்து வந்திருந்தாலும், முகாமிலேயே நிறுத்தப்படுவர். மற்றவர்கள் சிம்பன்சிகளை நெருங்குமுன் வழிகாட்டி நிறுத்தி, ஆளுக்கொரு முகக்கவசம் கொடுத்து அணியச் சொல்வார், தாமும் அணிந்துகொள்வார்.